பதினான்கு அலகும் பொத்தான் அத்தையும்

குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாவது மாடியில், நடைவழி முடிகிற இடத்தில் ஓர் அறை இருந்தது. அப்பாவும் அம்மாவும் உள்ளே நீதிபதி முன்னால் நிற்கும்போது பிள்ளைகளை எங்காவது உட்கார வைக்க வேண்டுமே, அதற்காக ஒதுக்கிய அறை. தாழ்வான ஒரு மேசை, ஆறு குட்டி நாற்காலி, ஆடாமல் இருக்க ஒரு காலுக்கடியில் அட்டை செருகிய அலமாரி, வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் காலை ஒன்பதரையிலிருந்து கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை அங்கே பொத்தான் அத்தை இருப்பாள்.

அது பிள்ளைகள் வைத்த பெயர். அத்தைக்குத் தொழில் தையல். நீதிமன்றத்துக்கு எதிரே கடை. வக்கீல்களின் கறுப்பு அங்கிகளுக்கு நீளம் குறைப்பது, தோளைச் சரிசெய்வது, கிழிசலுக்கு ஒட்டுப்போடுவது எல்லாம் அவள் கைதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் தைத்த அங்கியைக் கொடுக்க மாடியேறியவள், நடைவழி பெஞ்சில் ஒரு சின்னப் பெண் அழுது அழுது விக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நாலு பெரியவர்கள் குனிந்து நின்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பையிலிருந்த பொத்தான் டப்பாவைத் திறந்து, "இதுல நாலு ஓட்டை இருக்கறத மட்டும் தனியா எடுக்கணும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றாள். பத்து நிமிடத்தில் விக்கல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமை எழுத்தர், "அக்கா, அடுத்த செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கொஞ்சம் ஒன்பது வருடமாக நீண்டுவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வியாழக்கிழமை தலைமை எழுத்தர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். வழக்கமாக உள்ளே வந்து ஒரு குட்டி நாற்காலியில் முட்டி மடக்கி உட்கார்ந்து பேசுகிற மனிதர், அன்று வாசலிலேயே நின்றார்.

"அக்கா, மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு. குழந்தைங்களோட இருக்கற தொண்டர் எல்லாருக்கும் இனிமே சான்றிதழ் இருக்கணுமாம். ஆறு மாசம் டைம் குடுத்திருக்காங்க."

"எதுக்கு சான்றிதழ்?"

"குழந்தைங்களப் பாத்துக்கத் தெரியும்னு."

அத்தை கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "ஒம்பது வருஷம் கழிச்சா?"

எழுத்தர் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஒரு வருடப் படிப்பு ஒன்று இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிறவர்கள் அதில் சேர வேண்டியதில்லை என்று விளக்கினார். என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு நேரில் பேசுவார். மொத்தம் பதினான்கு அலகு, அதாவது பதினான்கு திறமை. பதினான்கிலும் தேற வேண்டும்.

"நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அதத்தான் கேக்கலையே அக்கா. என்ன தெரியும்னுதான் கேக்கறாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் படாத பாடு பட்டன. அத்தையின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"பாத்திரம் என்ன பண்ணுச்சு?"

அத்தை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை என்று முடித்தாள்.

"சரி, போகாத" என்றார் அவர், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி.

அது அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. "அவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க? அந்தப் புள்ளைங்கள யார் பாத்துப்பா?"

"அதானே. யார் பாத்துப்பா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருபத்தேழு வருஷமா பஸ் ஓட்டறேன். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ என்னக் கூப்பிட்டு கண்ணப் பாக்கறாங்க, காதப் பாக்கறாங்க, ஓட்டிக் காட்டுன்றாங்க. நான் கோவிச்சுக்கறேனா? பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியணும்ல, ஓட்டறவனுக்குக் கண்ணு தெரியுதுன்னு."

"பஸ்ஸும் புள்ளையும் ஒண்ணா?"

"இல்லதான். பஸ்ஸுல ஹாரன் என் கையில இருக்கு."

சிரிக்கக் கூடாது என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் விண்ணப்பத்தோடு உட்கார்ந்தார்கள். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் எழுதுவது அவர், சொல்வது இவள் என்று ஏற்பாடு.

"முதல் அலகு. 'குழந்தையின் நம்பிக்கையைப் பெறும் வழிமுறைகளை விளக்குக.' சொல்லு."

"சும்மா உக்காந்திருப்பேன்."

"அப்படி எழுத முடியாதும்மா."

"அதத்தான் செய்யறேன். வேற என்ன சொல்றது?"

அவர் பேனாவை மேசையில் தட்டினார். "சரி. எங்க உக்காருவ?"

"பக்கத்துல. எதிர்ல உக்கார மாட்டேன். எதிர்ல உக்காந்தா கேள்வி கேக்கப் போறாங்கன்னு நெனச்சுக்கும். ஏற்கெனவே ஊருப்பட்ட பேரு அதுங்களக் கேள்வி கேட்டிருப்பாங்க."

அவர் எழுதினார். "அப்புறம்?"

"கையில ஏதாவது தையல் வச்சிருப்பேன். அதுங்க மூஞ்சியப் பாக்காம இருந்தாத்தான் பேசும். பாத்தா வாய மூடிக்கும். சில புள்ளைங்களுக்குக் கையில வேல குடுத்தா வாய் தானாத் திறக்கும். சிலதுக்கு வேலையே குடுக்கக் கூடாது, ஜன்னல் பக்கமா விட்டுறணும்."

"எதுக்கு எதுன்னு எப்படித் தெரியும்?"

"கதவத் திறந்து உள்ள வரும்போதே தெரியும். மொதல்ல என்னப் பாக்குதா, அறையப் பாக்குதா, வந்த வழியத் திரும்பிப் பாக்குதான்னு."

பேனா நின்றது. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதையெல்லாம் பேசிக் கேட்டதில்லை. "இதுக்குப் பேருதான் சும்மா உக்காந்திருக்கறதா?" என்றார். தனக்குள் இவ்வளவு இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்படியே ஆறு அலகு ஓடிவிட்டது. ஏழாவதில் வண்டி நின்றது. குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காப்பதற்கு ஆதாரம் இணைக்க வேண்டுமாம்.

"சொல்லாம இருந்ததுக்கு எப்படிங்க ஆதாரம் காட்டறது?" என்றாள் அத்தை. "அங்க பேசினது அங்கயே போயிடும். நான் ஒரு வரி எழுதி வச்சதில்ல. எழுதினா யாராவது படிப்பாங்க."

அவர் ஒரு புதுக் காகிதத்தை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து உறையில் வைத்து ஒட்டிவிட்டார்.

"என்ன எழுதினீங்க?"

"சாட்சி சொல்லியிருக்கேன். சாட்சி சொன்னத வெளியில சொல்லக் கூடாது. கோர்ட்டுல இருக்கறவளுக்கு இது தெரியாதா?"

அத்தை கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். மனிதர் பிடிகொடுக்கவில்லை.

மதிப்பீட்டாளர் வருகிற செவ்வாய்க்கிழமை காலை அத்தை வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்துவிட்டாள். உடையை இரண்டு தடவை மாற்றினாள், கடைசியில் முதலில் உடுத்தியதையே உடுத்திக்கொண்டு கிளம்பினாள். அறைக்குப் போனால் மதிப்பீட்டாளர் அம்மாள் முன்பே வந்து மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மடியில் கனமான கோப்பு. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்கம்மா" என்றார்.

அன்று முதலில் வந்தவர்கள் ஓர் அக்காவும் தங்கையும். அக்காவுக்கு எட்டு வயது, தங்கைக்கு மூன்று. கொண்டுவந்து விட்ட அம்மா பெரியவளின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். நடைவழியில் தள்ளி நின்ற அப்பா அங்கிருந்தே ஏதோ ஜாடை காட்டினார். பெரியவள் இரண்டுக்கும் தலையாட்டினாள். கதவு சாத்தியதும் அந்தத் தலை தொங்கிப்போயிற்று.

அத்தை முதல் வேலையாகப் பொத்தான் டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றினாள். சின்னதுகள் வந்தால் டப்பா மேலே போய்விடும். தங்கைக்கு மரக்கட்டைகளைப் பரப்பிக் கொடுத்தாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அங்கியின் ஓரத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். "இந்த முனைய மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கறியா?" என்றாள். பெரியவள் பேசாமல் பிடித்துக்கொண்டாள்.

தங்கைக்குக் கட்டைகள் பிடிக்கவில்லை. மூலையில் இல்லாத ஆளாக உட்கார்ந்திருந்த அம்மாள்தான் பிடித்திருந்தது. ஒரு காலணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் நேராகக் கோப்பின் மேல் வைத்தாள்.

"கட்டு."

மதிப்பீட்டாளர் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டு" என்றாள் தங்கை மறுபடியும், இந்த முறை அதிகாரமாக. அவர் தலையைத் தூக்கி உதவி கேட்பதுபோல் பார்த்தார். அத்தை தையலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ விட மாட்டா மேடம்" என்றாள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு காலணியை மாட்டி நாடாவைக் கட்டினார். உடனே தங்கை மற்ற காலை நீட்டி, நன்றாகக் கட்டியிருந்த அந்த நாடாவையும் அவிழ்த்து, "இதுவும்" என்றாள்.

பதினொரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. வேறு இரண்டு பிள்ளைகள் வந்து போனார்கள். சகோதரிகளை இன்னும் கூப்பிடவில்லை. கொண்டுவந்திருந்த ரொட்டியைத் தின்றுவிட்டு தங்கை கட்டைகளுக்கு நடுவே தூங்கிப்போனாள். அப்போதுதான் பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அத்தை, ஜட்ஜ் கேட்டா நான் யாருகூட இருக்கேன்னு சொல்லட்டும்?"

ஊசி இரண்டு தையல் போட்டது.

"நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே சொல்லிடறேன்."

"அத முடிவு பண்றது உன் வேல இல்லம்மா" என்றாள் அத்தை. "என் வேலையும் இல்ல. ஜட்ஜோட வேல. அதுக்குத்தான் அவங்களுக்கு அவ்வளவு பெரிய நாற்காலி போட்டிருக்கு. உன்கிட்ட கேக்கறது உனக்கு என்ன பிடிக்கும், என்ன கஷ்டமா இருக்கும், அவ்வளவுதான்."

பெரியவள் துணியின் முனையை விரலில் சுற்றினாள். "நான் இப்ப உங்ககிட்ட ஏதாவது சொன்னா அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு தவிர. யாராவது உன்ன அடிக்கறாங்க, வலிக்கற மாதிரி ஏதாவது செய்யறாங்கன்னா, அத மட்டும் என்னால உள்ள வச்சுக்க முடியாது. ஜட்ஜ்கிட்ட சொல்லிடுவேன். இத இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு நெனைக்கக் கூடாது."

"யாரும் அடிக்கல." சுற்றிய முனையை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். "அப்பா வீட்டுல நாய் இருக்கு."

"ம்."

"ஆனா அம்மா பக்கத்துல இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

"ம்."

"இத ஜட்ஜ்கிட்ட சொல்லலாமா?"

"எத?"

"நாயையும் தூக்கத்தையும்."

"ரெண்டையும் சொல்லலாம். அதக் கேக்கத்தான் கூப்பிடறாங்க."

பெரியவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அவளைக் கூப்பிட்டபோது மணி இரண்டே முக்கால். மூலையில் பேனா ஓடுகிற சத்தம் அதற்கப்புறமும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பேச்சு நடந்தது பழைய கோப்புகள் அடுக்கிய ஓர் அறையில். எதிரே உட்காரப் போன மதிப்பீட்டாளர், ஒரு கணம் யோசித்து, நாற்காலியைச் சுற்றிக் கொண்டுவந்து அத்தையின் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார்.

"அடிக்கறத மட்டும் மறைக்க மாட்டேன்னு முதல்லயே சொன்னீங்களே. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு, யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. அப்புறம் அவ சொன்னத என்னால வச்சுக்க முடியல. ஜட்ஜ்கிட்ட போய்ச் சொன்னேன். சொன்னது சரிதான். ஆனா அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் என் மூஞ்சியவே பாக்கல. அதிலேர்ந்து சத்தியம் பண்றதில்ல."

"எங்க பயிற்சியில இத மூணு வாரம் நடத்தறோம்" என்றார் அவர். பிறகு கோப்பிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் எழுதினது. படிச்சீங்களா?"

"காட்டவே இல்லைங்க."

மதிப்பீட்டாளர் அதை உரக்கப் படித்தார்.

'என் மனைவி ஒன்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். இதுவரை ஒரு குழந்தையின் பெயரைக்கூட என்னிடம் சொன்னதில்லை. நானும் விடாமல் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சில நாள் வந்ததும் பேசாமல் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். இன்றைக்கு ஏதோ பொறுக்க முடியாததைக் கேட்டிருக்கிறாள் என்று புரிந்துகொள்வேன். தேநீர் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என்னிடம் இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான்.'

அத்தை அடுக்கிலிருந்த கோப்புக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் தானாக வந்து பக்கத்தில் இருக்கும், குடிப்பாள். ஏன் வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை மதிப்பீட்டாளர் காத்திருந்தார். அப்புறம் ஒரு மடித்த காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான், சுண்டு விரல் நகம் அளவு.

"மேசைக்கடியில கிடந்தது. சின்னவ தூங்கினாளே, அவ கைக்கு எட்டற தூரத்துல."

டப்பா மேலே போய்விட்டது, சரி. போன வியாழக்கிழமை யாரோ சிந்தியது கீழேயே கிடந்திருக்கிறது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ஏதாவது நடந்திருக்காம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்த்தவர் யாரும் கிடையாது. அத்தை பொத்தானைப் பார்த்தாள்.

"நடந்திருக்கு. ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டரை வயசுக் குழந்தை ஒண்ணு வாயில போட்டுக்குச்சு. மூச்சு முட்டி மூஞ்சி நீலமாயிடுச்சு. காலப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி முதுகுல தட்டினேன். வெளிய வந்து விழுந்துச்சு. அம்மா வந்தப்போ சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. வீட்டுலயும் சொல்லல. அன்னிலேர்ந்துதான் டப்பாவ மேல வைக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"அறைய மூடிடுவாங்கன்னு பயம்."

"மூடியிருப்பாங்களா?"

"தெரியலையே. கேட்டாத்தானே தெரியும்."

மதிப்பீட்டாளர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் இப்போதும் சிரிப்பில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. "பதிமூணு அலகுல தேறிட்டீங்க. ரெண்டு மூணுல நான் உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னே எழுதப் போறேன். பாதுகாப்புல மட்டும் இன்னும் தேறல. ரெண்டு நாள் முதலுதவி வகுப்பு இருக்கு. அன்னிக்கு நடந்தத முறையா எழுதிக் குடுங்க. இன்னொரு குழந்தைக்கு அது நடக்காம இருக்க என்ன செய்யப் போறீங்கன்னும் எழுதுங்க. அப்புறம் நானே வந்து பாக்கறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தைக்குக் கோபம் வந்துகொண்டே இருந்தது. முதலில் அந்த அம்மாள் மேல், அப்புறம் பொத்தான் மேல், தெரு முனை திரும்பும்போது தன் மேல். வீட்டில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு வருடத்துக் கதையையும் சொன்னாள்.

"அன்னிக்கு நீ பக்கெட்டுல துணியப் போட்டுட்டு மூணு நாள் துவைக்க மறந்துட்ட" என்றார் அவர். "உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அதுதான் அந்த நாள்னு?"

"நீ துணி துவைக்க மறந்தது வாழ்க்கையிலயே அந்த ஒரு தடவதான்."

முதலுதவி வகுப்பில் பதினோரு பேர். அத்தையைத் தவிர எல்லாரும் அவள் பாதி வயதுக்காரர்கள். ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்து, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வகுப்பெடுத்த நர்ஸ். அத்தை சட்டென்று பொம்மையின் இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள்.

"அப்படிச் செய்யாதீங்கம்மா" என்றார் நர்ஸ். "முன்னாடி அப்படித்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. கை நழுவும், கழுத்துல அடிபடும். குழந்தைய முன்பக்கமா நல்லாக் குனிய வச்சு, நெஞ்சத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு தோளுக்கும் நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தால தட்டணும்."

அத்தை பொம்மையை மெதுவாக இறக்கினாள். ஆறு வருடமாக அந்தக் குழந்தையைத் தன் கை காப்பாற்றியது என்றுதான் நினைத்திருந்தாள். அதிர்ஷ்டமும் கூட நின்றிருக்கிறது. "இன்னொரு தடவ காட்டுங்க" என்றாள். நர்ஸ் காட்டினார். "இன்னொரு தடவ." வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் பொம்மையை வைத்துக்கொண்டு செய்து செய்து பார்த்தாள். இரண்டாம் நாள் முடிவில் அந்தப் பதினோரு பேரில் நர்ஸ் மற்றவர்களுக்குச் செய்துகாட்டச் சொன்னது அவளைத்தான்.

பொத்தான் டப்பாவைக் கடைக்கே கொண்டுபோய்விட்டாள். அதற்குப் பதிலாக ஒரு கெட்டித் துணியை எடுத்து, பெரிய கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றையும் எட்டு முறை இழையோட்டி இறுக்கித் தைத்தாள். மேலே காஜா எடுத்த மடிப்புகள். மாட்டலாம், கழற்றலாம், பிடுங்க மட்டும் முடியாது. வீட்டுக்காரரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். துணி கிழிந்தாலும் பொத்தான் வராது என்று சாட்சி சொன்னார். இந்தச் சாட்சியை உறையில் போடவில்லை.

மதிப்பீட்டாளர் மறுபடியும் வந்து பார்த்தார். தரையில் மண்டியிட்டு மேசைக்கடியில் கையால் துழாவிப் பார்த்தார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

சான்றிதழ் தபாலில் வந்தது. அப்பா பெயரோடு அத்தையின் முழுப் பெயரும் அச்சிட்டிருந்தது. அதை எங்கே மாட்டுவது என்று வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம். கடையில்தான் மாட்ட வேண்டும் என்றார் அவர். அங்கி தைக்கிற கடையில் எதற்கு என்றாள் இவள். கடைசியில் அலமாரியில் துணிகளுக்கடியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் நகல் ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருந்தது. பஸ் டெப்போவில் யார் யாருக்குக் காட்டினார் என்று அவள் விசாரிக்கவில்லை.

சான்றிதழ் பெற்றவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவது என்பது புது உத்தரவில் இருந்த இன்னொரு விஷயம். அதை அத்தை கவனித்திருக்கவில்லை. முதல் கூட்டத்தில், மற்ற நாள்களில் வருகிற தொண்டர்களையும் சேர்த்து, நாலு பேர் இருந்தார்கள். தலைமை எழுத்தர் குறிப்பெடுத்தார். மற்றவர்கள் குடிநீர், விளையாட்டுச் சாமான் என்று கேட்டார்கள். நீதிபதி அம்மாள் கடைசியில் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

ஒன்பது வருடம் இந்தக் கட்டடத்துக்குள் வந்து போயும் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. குழந்தை காத்துக்கிட்டிருக்கற வழக்க மொதல்ல கூப்பிட்டா நல்லாருக்கும். மூணு வயசுக் குழந்தை காலையில ஒம்பதரைக்கு வந்து ரெண்டே முக்கால் வரைக்கும் இருக்குது. அதுக்குள்ள பெரிய குழந்தைங்க வீட்டுல சொல்லி அனுப்பினத ஒப்பிச்சு ஒப்பிச்சு, தனக்குன்னு என்ன தோணுச்சுங்கறதயே மறந்துடுதுங்க."

தலைமை எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தார். "அம்மா, வழக்கு வரிசைய மாத்தறதுன்னா தலைகீழா நின்னாலும் முடியாது. வக்கீல்ங்க ஒத்துக்க மாட்டாங்க."

"வக்கீல்ங்க காத்திருக்கட்டுமே" என்றாள் அத்தை. "அவங்க அங்கியெல்லாம் என்கிட்டதான் இருக்கு."

நீதிபதி சிரித்துவிட்டார். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் வரிசைப் பட்டியல் புது மாதிரி வந்தது. குழந்தைகள் வருகிற வழக்குகள் மேலே, மற்றவை கீழே. அதைத் தட்டச்சு செய்து, வரி கோணாமல் ஒட்டியது அதே தலைமை எழுத்தர்தான்.

முதல் செவ்வாய்க்கிழமை ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டுப் போய்விட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அத்தை சுற்றிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை. நாற்காலிகளை அடுக்கினாள். ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள். எழுத்தர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இனிமே புள்ளைங்க இல்லக்கா" என்றார். அத்தைக்கு அது நல்ல செய்தி என்று தெரியும். இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு நடக்கும்போது கை என்னவோ காலியாக இருந்தது.

கடைக்குப் போகலாம் என்று கிளம்பியவள், என்ன தோன்றியதோ, வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்காரருக்கு விடியற்காலை ஷிஃப்ட், பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் அவரே சமைத்து, தனியாகச் சாப்பிடுவது வழக்கம். கதவைத் திறந்தபோது அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் வாய் எடுத்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டு எழுந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். புள்ளைங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு."

"எல்லாருமா? இப்பவேவா?"

"எல்லாரும்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுக்கிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, அவளுக்கு வைத்துப் பரிமாறினார். ஒன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமைச் சமையலை யாரும் ருசி பார்த்ததில்லை, அதனால் அவள் வாயில் வைக்கும்வரை பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

அத்தை மென்றாள். யோசித்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். "மத்ததெல்லாம் தேறிட்டீங்க."